பதினோரு நிமிடத் தொலைவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை நேரலையில் பார்த்த நாளிலிருந்து விண்வெளித் துறைக்குத்தான் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், சென்ற வாரம், “எல்லாவற்றையும் இயந்திரமே யோசித்துச் செய்துவிடும் என்றால் நான் எதற்கு அதைப் படிக்க வேண்டும்?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. மூச்சும் உணவும் வேண்டாத, முதுமையில்லாத ஓர் அறிவை நாம் உருவாக்கிவிட்டால், விண்மீன்களுக்குச் செல்லப்போவது மனித இனமா, அல்லது நம்மை இங்கேயே விட்டுவிட்டு அது மட்டும்தானா?

அன்புடன்,
க.செ., திண்டுக்கல்

அன்புள்ள க.செ.,

உங்கள் மகள் நேரலையில் பார்த்த காட்சியிலிருந்தே தொடங்குகிறேன். 2023 ஆகஸ்ட் 23 மாலை 5.45 மணியளவில், நிலவுக்கு மேல் சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருந்த விக்ரம் கலம் இறங்கத் தொடங்கியது, 6.04க்குத் தரையைத் தொட்டது. இடைப்பட்ட நேரத்தில், திட்ட இயக்குநரான விழுப்புரத்து வீரமுத்துவேல் உட்பட, பெங்களூரு கட்டுப்பாட்டு அறையில் இருந்த எவரும் கலத்தை ஓட்டவில்லை. திரையில் மாறிக்கொண்டிருந்த எண்களைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்கள். ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் கலம் அந்தரத்தில் நின்று, கீழே படமெடுத்து, கால் வைக்க ஏற்ற இடந்தானா என்று தானே சரிபார்த்துக்கொண்டு இறங்கியது. 2019இல் முந்தைய விக்ரம் விழுந்து நொறுங்கிய பிறகு, இன்னும் என்னென்ன தவறலாம் என்று இஸ்ரோவின் பொறியாளர்கள் ஒவ்வொன்றாகக் கற்பனை செய்து, அவ்வாறு நேர்ந்தால் கலம் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே அதற்குள் எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பத்தொன்பது நிமிடங்களில் வேலை செய்தது நான்காண்டு மனித யோசனை.

நிலவுக்குச் சேதி போக 1.3 நொடி போதும். அங்கேயே இந்த நிலை. 2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயின் வளிமண்டலத்தில் நுழைந்தபோது, அங்கிருந்து ஒரு சேதி பூமிக்கு வர பதினோரு நிமிடம் ஆனது. இறங்கி முடிக்க ஏழு நிமிடமே. ‘நுழைந்துவிட்டேன்’ என்ற சேதியை நாம் கேட்டபோது அது தரையில் நின்று நான்கு நிமிடம் ஆகியிருந்தது. ஆகவே தொலைவு கூடக் கூட, முடிவெடுக்கும் வேலையைக் கலத்திடமே ஒப்படைப்பதைத் தவிர வழியில்லை. இது இன்று நேற்று வந்த சிந்தனையும் அல்ல. 1999 மே மாதத்திலேயே டீப் ஸ்பேஸ்-1 என்ற கலத்தில், இலக்கை மட்டும் சொன்னால் செயல்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் மென்பொருளை நாசா சோதித்துப் பார்த்தது.

அந்த அறிவு எங்கே தடுமாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெர்சிவரன்ஸுடன் சென்ற இன்ஜெனுயிட்டி என்ற சிறு ஹெலிகாப்டர் ஐந்து முறை பறந்து காட்டினால் போதும் என்று அனுப்பப்பட்டது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் 72 முறை பறந்தது. கீழ்நோக்கிய அதன் கேமரா, ஒரு படத்தில் இருந்த கல் அடுத்த படத்தில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை வைத்துத் தன் வேகத்தைக் கணித்துக்கொள்ளும். 2024 ஜனவரி 18 அன்று அது கடைசியாகப் பறந்த இடம், பற்றிக்கொள்ளக் கல்லோ பாறையோ அதிகமில்லாத மணல் மேடு. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டில் உச்சி வெயிலில் நடந்தவர்களுக்கு இது புரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே செம்மணல், அடையாளம் வைக்க ஒரு பனைகூட இல்லாத இடத்தில், கால் நடந்துகொண்டே இருக்கும், எவ்வளவு வந்தோம் என்பது மட்டும் தெரியாது. தரையில் விழுந்த நிழலின் படத்தைப் பார்த்துத்தான் ஹெலிகாப்டரின் இறக்கை முறிந்திருப்பதைப் பொறியாளர்கள் கண்டார்கள்.

மனித உடல் எவ்வளவு தூரம் போகும் என்பதில் எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. எடையற்ற நிலையில் மாதத்துக்கு ஒரு விழுக்காடு அளவுக்கு எலும்பின் அடர்த்தி குறைகிறது; கதிர்வீச்சோ அதைவிடக் கொடிது. நிலவிலும் செவ்வாயிலும் மனிதர் தங்குவார்கள் என்று நம்புகிறேன், விரும்பவும் செய்கிறேன். விண்மீன்கள் வேறு கணக்கு. சூரியனுக்கு அடுத்துள்ள பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. நொடிக்கு 17 கிலோமீட்டர் செல்லும் நாசாவின் வாயேஜர்-1 விண்கலம் அவ்வளவு தூரத்தைக் கடக்க 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அங்கே முதலில் போய்ச் சேர்வது நாம் செய்த அறிவாகத்தான் இருக்கும். அதற்காக நான் வருந்தவில்லை. எதைச் சொல்லி அதை அனுப்புகிறோம் என்பதே என் கவலை.

சனிக்கோளை 13 ஆண்டுகள் சுற்றிவந்த காசினி கலத்தை, எரிபொருள் தீரும் தறுவாயில், 2017 செப்டம்பர் 15 அன்று வேண்டுமென்றே சனியின் வளிமண்டலத்துக்குள் செலுத்தி அழித்தார்கள். என்செலடஸ் என்ற சிறு நிலவில், பனிக்கட்டிக்குக் கீழே கடல் இருப்பதைக் காட்டியது அந்தக் காசினியேதான். கட்டுப்பாடிழந்த கலம் என்றாவது அதன் மீது மோதி, பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போன நுண்ணுயிரை அங்கே சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக அந்த முடிவு. அங்கே உயிர் உண்டா என்று எவருக்கும் தெரியாத நிலையிலேயே, இருந்தால் அதற்குத் தீங்கு வரக் கூடாது என்று எண்ணினார்கள். நாளை அந்தக் கடலுக்குள் இறங்கும் ஒரு கலம், பூமியிடம் கேட்டுப் பதில் பெற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் இடத்தில், உயிர் போன்ற ஒன்றைக் கண்டால் தொட்டுப் பார்ப்பதா, விலகிப் போவதா என்று தானே முடிவெடுக்க வேண்டியிருக்கும். அதற்கான அளவுகோலை இங்கே உட்கார்ந்து யோசித்துக் கொடுத்தனுப்ப வேண்டியவர்கள் நாம். ஒரு நாட்டின் விண்வெளிச் செயல்களுக்கு அந்த நாடே பொறுப்பு என்கிறது 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம். ‘கலம்தான் முடிவெடுத்தது’ என்று சொல்லி எந்த அரசும் நிறுவனமும் அதிலிருந்து நழுவ இடம் தரக் கூடாது. உங்கள் மகள் படிக்க வேண்டியது இதற்காகத்தான். பொறியியலோடு உயிரியலும் சட்டமும் தத்துவமும் தெரிந்தவர்கள் இந்தத் துறைக்கு இனிமேல்தான் அதிகம் தேவைப்படுவார்கள்.

அவளிடம் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். 2023 நவம்பரில் வாயேஜர்-1 பொருளற்ற எண்களை அனுப்பத் தொடங்கியது. ஒரு நினைவகச் சில்லு பழுதாகியிருந்தது. கலிஃபோர்னியாவில் ஒரு குழு, பல பத்தாண்டுகளுக்கு முந்தைய ஆவணங்களைத் தேடிப் படித்து, அந்தச் சில்லில் இருந்த நிரலை வேறிடத்துக்கு மாற்றத் திட்டமிட்டது. முழுதாக வைக்க ஓரிடமும் போதவில்லை என்பதால் துண்டுகளாகப் பிரித்தார்கள். 2024 ஏப்ரல் 18 அன்று முதல் துண்டு புறப்பட்டது. 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கலத்துக்கு அது போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம். பதில் வர இன்னும் அவ்வளவு நேரம். 20ஆம் தேதி, ஐந்து மாதங்களுக்குப் பிறகு முதன்முறையாக, கலத்தின் நலம் பற்றிய படிக்கத்தக்க சேதி வந்தது. மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள் கையுயர்த்தி ஆர்ப்பரிக்கும் அந்தக் கணத்தின் படம் இணையத்தில் கிடைக்கும். அதையும் அவளுக்குக் காட்டுங்கள்.