ஜானி வில்லியம்ஸ்: ரக்பி வீரர் எப்படிப் படைவீரரானார்?

ரக்பியில் ‘விங்’ என்பவர் மைதானத்தின் ஓரக்கோட்டை ஒட்டி நிற்கும் வேகமான ஆட்டக்காரர். தீயணைக்க வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றும்போது கடைசி ஆள் நீரை வீசுவதைப் போல, பலர் கைமாறி வரும் பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்ப்பது அவர் வேலை. வேல்ஸ் அணிக்காக 17 ஆட்டங்களில் 17 ‘டிரை’ (பந்தை அப்படிக் கொண்டு சேர்த்துத் தரையில் வைப்பது) எடுத்த ஜானி வில்லியம்ஸ் அத்தகையவர். அந்த 17 ஆட்டங்களில் வேல்ஸ் தோற்றது இரண்டே முறை. என் பார்வையில் இதுவே அவருடைய பெரும் சிறப்பு.

அக்காலத்தில், அவர் ஆடிய ரக்பி வகையான ரக்பி யூனியனுக்கு ஊதியம் கிடையாது. அவர் கார்டிஃபில் நிலக்கரி வணிகத்தில் இருந்தார். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது, ஒரே ஊர்க்காரர்களைச் சேர்த்துத் தன்னார்வப் படைப்பிரிவுகள் திரட்டப்பட்டதால், ஒன்றாக ஆடியவர்கள் ஒன்றாகவே போர்முனைக்கும் சென்றார்கள். கார்டிஃப் நகரப் படைப்பிரிவில் அவர் கேப்டன். மற்றொரு வேல்ஸ் ஆட்டக்காரரான டிக் தாமஸும் அதில் இருந்தார். 1916 ஜூலை 7-இல் பிரான்சின் மாமெட்ஸ் காட்டை நோக்கித் திறந்தவெளியில் முன்னேறியவர்கள்மீது பக்கவாட்டிலிருந்து இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டன. தாமஸ் அன்றே இறந்தார்.

வில்லியம்ஸும் அன்றே களத்தில் மாண்டார் என்று பலர் கருதுகிறார்கள். உண்மையில், படுகாயமுற்று ஒரு கால் அகற்றப்பட்ட நிலையில், அவர் ஜூலை 12-இல்தான் உயிர் துறந்தார்.