பத்துக் குழந்தை சேரட்டும் என்கிறார்களா?

40 நாள் குழந்தைக்கு பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட சுகாதார நிலையத்துக்கு இரண்டு புதன்கிழமை போயும், ‘பத்துக் குழந்தை வந்தால்தான் குப்பியைத் திறப்போம்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்கிறீர்கள். நான் செவிலியராக இருந்தவள், இந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. பிசிஜி மருந்தைக் கரைத்துவிட்டால் 4 மணி நேரம்தான், மிச்சத்தைக் கொட்டியாக வேண்டும். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி மாதிரி, திறந்த பிறகு 28 நாள் வைத்துக்கொள்ள முடியாது. கொட்டினால் மேலே கணக்குக் கேட்பார்களே என்ற பயம், வேறென்ன!

ஆனால் ஒரே குழந்தை வந்தாலும் திறக்க வேண்டும் என்பதுதான் வழிகாட்டுதல். பிசிஜியில் பாதி வரை வீணாகலாம் என்று கணக்குப் போட்டுத்தான் மருந்தே அனுப்புகிறார்கள். சண்டை வேண்டாம், மருத்துவ அலுவலரிடம் நேராகக் கேளுங்கள். இருப்பு நிஜமாகவே குறைவு என்றால், எந்தப் புதன் திறப்பார்கள் என்று தேதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்களும் அப்படிப்பட்ட நேரங்களில் பக்கத்து ஊர்த் தாய்மாருக்குப் போன் போட்டு ஒரே நாளில் வரவழைத்திருக்கிறோம்.

அதுவும் சரிவராவிட்டால் பிரசவம் அதிகம் நடக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பிறந்த குழந்தைகளுக்கு அங்கே போட்டுக்கொண்டே இருப்பார்கள், குப்பி திறந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு வயது வரை போடலாம், பதறாதீர்கள். தடுப்பூசி அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள்.