6டி-யிலிருந்து ஆர்6 மார்க் 2-க்கு மாறலாமா?

வணக்கம் நண்பரே. கையில் கேனான் 6டி கேமரா இருக்கிறது, கல்யாணப் படம் எடுக்கும் வேலைக்காகக் கடன் வாங்கி கேனானின் ஆர்6 மார்க் 2 கேமரா எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தின் தரத்துக்காக என்றால் அவசரமே இல்லை. 2012-இல் வந்ததானாலும் 6டி மங்கலான மண்டபத்திலும் நன்றாகவே எடுக்கும்.

எனக்குப் பயம் அதன் ஒற்றை மெமரி கார்டு ஸ்லாட்தான். ஒருமுறை முகூர்த்தம் முடிந்து பார்த்தால் என் கார்டு திறக்கவே இல்லை. தாலி ஏறி அட்சதை விழுந்த அந்த நொடி போனது போனதுதான்; பெண்ணின் அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆர்6 மார்க் 2-இல் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியலாம்.

அதனால் மாறுங்கள், ஆனால் கடன் வேண்டாம். இந்த சீசனுக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். அப்புறம், 6டி-யில் போடும் இஎஃப் லென்ஸ்களை விற்றுவிடாதீர்கள். லென்ஸை இணைக்கும் கேனான் அடாப்டர் போட்டால் புது கேமராவிலும் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும்.