கூடவே தங்கும் ஆயாவுக்கு என்ன சம்பளம் தருவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருபது வருடத்துக்கு மேல் மற்றவர்களின் சம்பளக் கணக்கை எழுதியவள் நான். ஜனவரியில் பள்ளி திறக்கும்போதும் மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மாறும்போதும் வீட்டு வேலை, குழந்தை பார்க்கும் வேலை பற்றிய கேள்விகள் வந்து குவியும். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன். கணக்கெல்லாம் 2025 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த மணிக்கு 28.79 ராண்ட் என்ற கூலியை வைத்துப் போட்டது. அந்த எண் மார்ச் தோறும் ஏறும். ஏறியதும் புது எண்ணைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள், கணக்கின் முறை அதேதான்.

*நானும் கணவரும் ஐ.டி. வேலையில் இருக்கிறோம். கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகிறது. எட்டு மாதக் குழந்தை. கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா கிடைத்திருக்கிறார். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஆறரைக்கு நாங்கள் கிளம்பினால் மாலை ஆறரைக்குத்தான் வருவோம். இரவில் தொட்டில் அவர் அறையில்தான். மாதம் 5,500 ராண்ட், சாப்பாடு, ரூம் எல்லாம் நாங்களே. பக்கத்தில் 4,500தான் தருகிறார்களாம். நாங்கள் தருவது நியாயம்தானே? (மிட்ரண்ட்)*

பக்கத்து வீட்டை விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள்.

காலை ஆறரை முதல் மாலை ஆறரை வரை பன்னிரண்டு மணி நேரம். ஐந்து நாளுக்கு அறுபது. வாரத்தில் 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம். மீதி 15 மணி நேரமும் ஓவர்டைம், அதற்கு ஒன்றரை மடங்கு கூலி. வாரத்துக்கு 15 மணி நேர ஓவர்டைம், நாளுக்கு மொத்தம் 12 மணி நேரம் என்பது சட்டத்தின் உச்ச எல்லை. நீங்கள் அந்த எல்லையில்தான் நிற்கிறீர்கள், இன்னும் ஒரு நிமிடம்கூட இடமில்லை. சரி, கணக்குக்கு வருவோம். 45 மணிக்கு 28.79 வீதம் 1,295.55 ராண்ட். ஓவர்டைம் மணிக்கு 43 ராண்டுக்குக் கொஞ்சம் மேல், 15 மணிக்கு ஏறக்குறைய 648. வாரத்துக்கு 1,943. வருடத்துக்கு 52 வாரம், அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு சுமார் 8,421 ராண்ட் வருகிறது. இது வெறும் குறைந்தபட்சம். நீங்கள் பேசியிருப்பதோ 5,500.

மதியம் குழந்தை தூங்கும்போது அவரும் சாப்பிட்டு உட்காருகிறாரே, அந்த ஒரு மணி நேரத்தைக் கழிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எழுந்து கடைக்குப் போய்வர முடியுமா அவரால்? முடியாது. குழந்தையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் சாப்பாடு வேலை நேரத்தில்தான் சேரும்.

இப்போது அந்தத் தொட்டில். எனக்கு அதுதான் பெரிய கவலை. இரவு எட்டு மணியிலிருந்து காலை ஆறு மணி வரை தூங்கலாம், ஆனால் தேவைப்பட்டால் எழுந்து வரவேண்டும் என்று ஒருவரை வைத்திருப்பதற்கு ஸ்டாண்ட்பை என்று பெயர். அதை எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அதற்கென்று தனிப்படி தரவேண்டும், மாதத்தில் ஐந்து இரவுக்கு மேல் கேட்கவும் கூடாது. எட்டு மாதக் குழந்தை இரவு இரண்டு மணிக்குப் பால் கேட்டு அழும். பாட்டிலைச் சூடாக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, கொடுத்து, ஏப்பம் விடவைத்துத் திரும்பப் படுக்கவைக்க முக்கால் மணி நேரம் ஆகும். அதைத் தினமும் செய்துவிட்டுக் காலை ஆறரைக்கு மறுபடி நிற்கச் சொல்வது எந்தச் சம்பளத்துக்கும் சரியில்லை. தொட்டிலை உங்கள் அறைக்கு மாற்றுங்கள்.

நியாயம் என்ன என்று கேட்டீர்கள். குறைந்தபட்சம் என்பது சட்டம் போட்ட தரை. அதற்குக் கீழே போகக்கூடாது, அதிலேயே நின்றுவிடவும் வேண்டியதில்லை. கைக்குழந்தையை நம்பி ஒப்படைக்கக்கூடிய, அனுபவமுள்ள ஒருவருக்கு மணிக்கு 40 ராண்டாவது கொடுங்கள் என்பது என் யோசனை. அறுபது மணிக்கு அப்படிக் கொடுத்தால் மாதம் 11,700 ஆகும், கட்டாது என்றால் சம்பளத்தைக் குறைக்காதீர்கள், நேரத்தைக் குறையுங்கள். ஒருவர் காலை எட்டரைக்குக் கிளம்பட்டும், மற்றவர் சீக்கிரம் போய் மாலை ஐந்தரைக்கு வீட்டில் இருக்கட்டும். ஒன்பது மணி நேரம், வாரம் 45. மாதம் 7,800 ராண்டில் முடிந்துவிடும். குழந்தைக்கும் அப்பா அம்மா முகம் கூடுதலாகக் கிடைக்கும்.

*தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுக்கிறோம். அதைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம்தானே? (ரிசர்வாயர் ஹில்ஸ்)*

அறைக்குச் சம்பளத்தில் பத்து சதவீதம் வரை கழிக்கலாம். எப்படிப்பட்ட அறை என்பதில் நிபந்தனை உண்டு. மழைக் காற்று உள்ளே வராத, பழுதில்லாத அறையாக இருக்கவேண்டும். ஒரு ஜன்னலாவது வேண்டும், பூட்டக்கூடிய கதவு வேண்டும். வேறு குளியலறை இல்லையென்றால் கழிப்பறையும் குளிக்கும் இடமும் அதிலேயே இருக்கவேண்டும். வீட்டுக்குப் பின்னால், பழைய வாஷிங் மெஷினும் சைக்கிளும் அடுக்கிய சாமான் அறையில் ஒரு கட்டில் போட்டுவிட்டு 560 ராண்ட் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஒரு சதம்கூடப் பிடிக்க முடியாது. குழந்தையோடு குழந்தையின் அறையிலேயே அவர் படுக்கிறார் என்றாலும் அப்படித்தான். தனக்கென்று பூட்டிக்கொள்ள ஒரு கதவு இல்லாதவரிடம் வாடகை கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

சாப்பாட்டின் விலையைக் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் சேர்க்க இடமில்லை. கொடுக்கும் சோற்றுக்கு விலை போடாதீர்கள்.

இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பேச இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் நம்மவர்கள் இங்கே வந்து இறங்கினார்கள். வருடக் கணக்கில் ஒப்பந்தம். முதல் வருடம் மாதத்துக்கு பத்து ஷில்லிங் கூலி, அதோடு ரேஷன், தங்க ஒரு குடிசை. அரிசியும் கூரையும் கொடுக்கிறோமே, அதற்கு மேல் என்ன வேண்டும் என்பதுதான் கரும்புத் தோட்ட முதலாளிகளின் வாதம். என் பாட்டி வடக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு கரும்புத் தோட்ட வீட்டில் குழந்தை பார்த்தவர். மாதம் ஒரு ஞாயிறு வீட்டுக்கு வருவார். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையைத் தரையில் கொட்டி என் அம்மாவை எண்ணச் சொல்வார். ஒருமுறை உடைந்த ஒரு கோப்பைக்காகப் பாதிச் சில்லறை குறைந்திருந்ததாம். அந்த முடிச்சைப் பற்றி அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நம் வீட்டில் இப்போது வேலை செய்பவர், ஸுலு பேசும் யாரோ ஒரு பாட்டியாக, தன் வீட்டில் அதே முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

*பதினான்கு வருடமாக எங்கள் வீட்டில் இருக்கிறார், இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தவர். வீட்டு மனுஷி மாதிரி. வாரம் 45 மணி நேரம்தான் வேலை. சம்பளம் 4,200. தீபாவளிக்குப் புடவை, அவர் பேத்திக்குப் பள்ளி யூனிஃபார்ம் எல்லாம் நாங்கள்தான். ஏற்றிக் கொடுத்தால் பழக்கம் கெட்டுவிடும் என்கிறார் மாமியார். (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)*

45 மணி நேரத்துக்குக் குறைந்தபட்சம் மாதம் 5,614 ராண்ட். அறைக்குப் பத்து சதவீதத்தை முறையாகக் கழித்தாலும் 5,052-க்குச் சற்று மேல் வருகிறது. நீங்கள் தருவது அதற்கும் 850 ராண்ட் குறைவு. புடவையும் யூனிஃபார்மும் உங்கள் மனசு, மிக நல்ல மனசு. பரிசுப்பொருளைக் கூலியாகக் கணக்கில் காட்டச் சட்டம் விடாது. புகார் போனால், குறைத்துக் கொடுத்த தொகையைப் போல் இரண்டு மடங்கு அல்லது மாதச் சம்பளத்தைப் போல் இரண்டு மடங்கு, இதில் எது அதிகமோ அது அபராதமாக விழும்.

2019-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு 20 ராண்ட், வீட்டு வேலை செய்பவர்களுக்கு 15 என்று வைத்தார்கள். 2022 மார்ச்சில்தான் இரண்டையும் 23.19 என்று சமமாக்கினார்கள். உங்கள் வீட்டுக் கணக்கு இன்னும் அந்தப் பழைய காலத்திலேயே நிற்கிறது, அவ்வளவுதான். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை என்று நம்புகிறேன். அடுத்த மாதமே சரிசெய்யுங்கள், விட்டுப்போன தொகையைத் தவணையாகக் கொடுங்கள். பதினான்கு வருட அனுபவத்துக்குத் தரையிலேயே நிற்பதும் முறையில்லை. மாமியாரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இந்த அம்மா இல்லாமல் இரண்டு பிள்ளைகளையும் அவர் எப்படி வளர்த்திருப்பார்?

*புனித வெள்ளி அன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போகவேண்டும். அன்று ஆயா இருந்தாகவேண்டும். அவரோ ஈஸ்டருக்கு ஊருக்குப் போகவேண்டும் என்கிறார். (ஃபீனிக்ஸ்)*

அவர் சம்மதித்தால்தான் அன்று வேலை, சம்மதித்தால் இரட்டைக் கூலி. புனித வெள்ளி பொது விடுமுறை. நமக்கு அம்மன், அவருக்கு சர்ச். குழந்தையையும் கோயிலுக்கே கூட்டிக்கொண்டு போங்கள், கூட்டத்தில் ஆயிரம் கை இருக்கும் தூக்க. அப்புறம், ஞாயிற்றுக்கிழமைக்கும் இதே கவனம் வேண்டும். வழக்கமாக ஞாயிறு வேலை இல்லாதவரை அன்று வரச்சொன்னால் இரட்டைக் கூலி, வழக்கமாகவே ஞாயிறு வேலை என்றால் ஒன்றரை மடங்கு. வாரத்தில் 36 மணி நேரம் தொடர்ச்சியாக ஓய்வு கண்டிப்பாக வேண்டும். அவர் கூடவே தங்குவதால் ஓய்விலும் கையருகே இருக்கிறார். ‘சும்மா ஒரு நிமிஷம் பாப்பாவைப் பிடிங்க’ என்ற வார்த்தையை அந்த 36 மணி நேரத்தில் வாயில் எடுக்காதீர்கள்.

*ஜிம்பாப்வேயிலிருந்து வந்தவர். கொஞ்சம் குறைவாகக் கொடுத்தாலும் போதும் என்று அவரே சொல்கிறார். (லெனேசியா)*

கூடாது. குறைந்தபட்சக் கூலி ஊர் பார்த்து மாறுவதில்லை. அவரே ஒப்புக்கொண்டாலும், கையெழுத்தே போட்டாலும் செல்லாது.

*யூ.ஐ.எஃப்., இழப்பீட்டு நிதி என்றெல்லாம் சொல்கிறார்கள். ஒரே ஒரு ஆள் வேலை செய்யும் வீட்டுக்கும் இதெல்லாம் வேண்டுமா? (சாட்ஸ்வொர்த்)*

வேண்டும். மாதத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தாலே யூ.ஐ.எஃப். என்ற வேலையின்மைக் காப்பீட்டு நிதிக்குக் கட்டவேண்டும், சம்பளத்தில் அவர் பங்கு ஒரு சதவீதம், உங்கள் பங்கு ஒரு சதவீதம். 5,614 ராண்டுக்கு உங்கள் பங்கு 56 ராண்ட். நாளைக்கு வேலை போனாலும், பிள்ளைப்பேறு என்று வந்தாலும் அவர் கையில் ஏதாவது வருவது இந்த 56 ராண்டால்தான்.

வேலையில் அடிபட்டாலோ இறந்தாலோ பணம் தரும் இழப்பீட்டு நிதியின் கதை வேறு. அதில் வீட்டு வேலைக்காரர்களைச் சேர்க்காமலே வைத்திருந்தார்கள். 2012-இல் பிரிட்டோரியாவில் மரியா மஹ்லாங்கு என்ற அம்மா, 22 வருடம் வேலை செய்த வீட்டின் நீச்சல்குளத்தில் விழுந்து இறந்தார். பார்வை குறைந்தவர், நீந்தத் தெரியாதவர். இழப்பீடு கிடையாது என்று சொன்னதால் அவர் மகள் வழக்குப் போட்டார். 2020 நவம்பர் 19 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அது 1994 ஏப்ரல் 27 வரை பின்னோக்கிச் செல்லும். இப்போது உங்கள் பெயரில் பதிவு செய்து வருடத்துக்கு ஒருமுறை பணம் கட்டவேண்டியது நீங்கள். அவர் சம்பளத்தில் இதற்காக ஒரு சதம் பிடிக்கக்கூடாது. அப்படியே சம்பளச் சீட்டும் மாதாமாதம் கொடுங்கள். எத்தனை மணி நேரம், எவ்வளவு ஓவர்டைம், என்ன பிடித்தம் என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். சமையலறைக் கதவில் ஒரு நோட்டுப் புத்தகத்தை ஆணியில் மாட்டி, ஒரு பென்சிலையும் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் அவர் கையாலேயே எழுதட்டும். சண்டை வந்து, வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் சி.சி.எம்.ஏ.-வுக்குப் போன வீடுகளில் பெரும்பாலும் இந்த நோட்டுதான் இருந்திருக்காது.

*டிசம்பரில் ஆறு வாரம் மதுரைக்குப் போகிறோம். குழந்தையும் வருகிறது. வேலையே இல்லாத ஆறு வாரத்துக்கும் சம்பளம் தரவேண்டுமா? (உம்லாங்கா)*

முழு வருடம் வேலை செய்திருந்தால் சம்பளத்தோடு மூன்று வாரம் விடுப்பு அவருக்கு எப்படியும் உண்டு. அந்த மூன்று வாரத்தை இந்தப் பயணத்தோடு வைத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், ஊரில் ஒரு கல்யாணம், காரியம் என்று அவருக்கும் தேதிகள் இருக்கும். மீதி மூன்று வாரம்? அவர் வேலைக்குத் தயாராக நிற்கிறார், வேலை தராமல் ஊருக்குப் போவது நீங்கள். முன்பே எழுத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை அதற்கும் சம்பளம் உண்டு. எழுத்தில் ஒப்புக்கொள்ள வைக்கவேண்டாம் என்பதே என் வேண்டுகோள். ஜனவரியில் அவர் பிள்ளைகளுக்கும் பள்ளி திறக்கிறது, ஷூ வாங்கவேண்டும்.

ஆறு வாரத்துக்கான பணத்தை விமானம் ஏறும் முன்னாலேயே அவர் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். அறைச் சாவியும் அவரிடமே இருக்கட்டும்.