குவாண்டம் கணினிக்கு நோயாளியின் பெயர் எதற்கு?

கேள்வி: உட்லண்ட்ஸில் சிறிய இல்லத் தாதிமை நிறுவனம் நடத்துகிறேன். தாதியர் எந்த வரிசையில் வீடுகளுக்குப் போவது என்று வகுக்க, வெளிநாட்டுக் குவாண்டம் கணினி ஒன்றை இணையம்வழி வாடகைக்கு எடுத்துச் சோதிக்கலாம் என்கிறார் எங்கள் மென்பொருள் ஆலோசகர். நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, நோய் விவரமெல்லாம் கசிந்துவிடாதா?

பதில்: கசியலாம். ஆனால் குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகான கியூபிட்டைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதில் ஏற்றிய நிலை, அளந்த கணமே கலைந்துவிடும். நீங்கள் அனுப்பும் கட்டளைக் கோப்புதான் கவலைக்குரியது. அது சாதாரணக் கோப்பு. உங்கள் தரவு அதில் எண்களாகவும், கியூபிட்டைத் திருப்பும் கோணங்களாகவும் அப்படியே இருக்கும். வழியில் மறையாக்கம் செய்திருந்தாலும், இயக்குவதற்கு முன் அதைத் திறந்தே ஆக வேண்டும். பிறகு கோப்பும் விடையும் அந்த நிறுவனத்தின் சேமிப்பகத்தில் தங்கிவிடக்கூடும். எத்தனை நாளில் அழிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

அதைவிட நல்லது, அனுப்பாமலிருப்பது. உங்கள் கணக்குக்குத் தேவை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஆகும் பயண நேரம் மட்டுமே. பெயர், அட்டை எண், நோய் எதுவும் வேண்டாம். அஞ்சல் குறியீடும் வேண்டாம். சிங்கப்பூரில் ஆறு இலக்கம் ஒரு கட்டடத்தையே காட்டிவிடும், தரைவீடு என்றால் ஒரே குடும்பத்தை. வீடுகளை 1, 2, 3 என்று கலைத்து எண்ணிட்டு, எந்த எண் யாருடையது என்ற பட்டியலை உங்கள் அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு படி போகலாம். துல்லியமான நேரங்களை வைத்து வரைபடத்தோடு ஒப்பிட்டால் வீடுகளை ஊகிக்க முடியும், தீவு சிறியது. எனவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இரகசிய எண்ணைத் தேர்ந்து, அங்கிருந்து புறப்படும் எல்லாப் பயண நேரங்களோடும் அதைக் கூட்டுங்கள். ஒரு தாதியின் சுற்றில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருமுறைதான் புறப்படுவார் என்பதால், எல்லா வழிகளின் மொத்தமும் ஒரே அளவு கூடும். சிறந்த வழி மாறாது. முழுக் கவசம் இல்லை, ஆனால் வெறுமனே பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது.

வெளிநாட்டுக்குத் தனிநபர் தகவலை அனுப்பினால், இங்குள்ளதற்கு நிகரான பாதுகாப்பு அங்கும் இருக்க வேண்டும் என்கிறது நமது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். அனுப்பாத தகவலுக்கு அந்தத் தலைவலியே இல்லை.

கணினி வைத்திருப்பவரே பார்க்க முடியாதபடி கணக்கிட வைக்கும் வழியும் உண்டு. பிராட்பென்ட், ஃபிட்ஸ்சைமன்ஸ், கஷேஃபி என்ற ஆய்வாளர் மூவரும் 2009-இல் வகுத்தது அது. வாடிக்கையாளர் ஒவ்வொரு கியூபிட்டிலும் ஓர் இரகசியக் கோணத்தை ஒளித்து அனுப்புவார்; கட்டளைகளையும் அதற்கேற்ப மாற்றித் தருவார். எதிர்முனைக்குத் தெரிவதெல்லாம் தற்செயலான எண்கள். இவர்களுள் ஃபிட்ஸ்சைமன்ஸ் பின்னர் சிங்கப்பூரில் ஆய்வு செய்து, 2018-இல் இங்கேயே ஒரு குவாண்டம் மென்பொருள் நிறுவனத்தையும் தொடங்கினார். 2024-இல் ஆக்ஸ்ஃபர்டு ஆய்வாளர்கள் இம்முறையைக் கண்ணாடியிழை இணைப்பில் செய்துகாட்டினார்கள். ஆனால் அதற்கு உங்கள் முனையிலும் குவாண்டம் கருவி வேண்டும். எந்த விற்பனையாளராவது இன்றே அதைத் தருவதாகச் சொன்னால், உங்கள் அலுவலகத்தில் எந்தக் கருவியைப் பொருத்துவார் என்று கேளுங்கள்.

நோயாளிப் பதிவேடு வேறு எங்கு இணையத்தில் பயணித்தாலும் இன்னொன்றைக் கவனியுங்கள். இன்று திருடிச் சேர்த்துவைத்து, வலுவான குவாண்டம் கணினி வந்தபின் பூட்டை உடைக்க எண்ணுபவர்கள் இருக்கலாம். நோய் விவரம் இருபது ஆண்டு கழித்தும் இரகசியம்தான். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பு 2024 ஆகஸ்ட்டில் வெளியிட்ட ‘எம்எல்-கெம்’ என்ற, குவாண்டம் கணினியையும் தாங்கும்படி வகுத்த புதிய மறையாக்கத் தரத்தை உங்கள் மென்பொருள் பயன்படுத்துகிறதா என்று ஆலோசகரிடம் கேளுங்கள். நமது நாணய ஆணையமும் அதே ஆண்டு பிப்ரவரியில் நிதி நிறுவனங்களை இந்த ஆபத்துக்குத் தயாராகச் சொல்லிவிட்டது.

கடைசியாக, நீங்கள் கேட்காதது: சில தாதியர், சில டஜன் வீடுகள் என்றால் மடிக்கணினியில் ஓடும் இலவச வழித்திட்ட மென்பொருளே போதும். முதலில் அதை ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் குவாண்டம் சோதனை வேண்டுமென்றால், கற்பனை முகவரிகளோடு தொடங்குங்கள்.