நெஞ்சில் சத்தமில்லை, ஆனாலும் மூச்சு வாங்குகிறதா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. டைப் 1 சர்க்கரை நோய் இருக்கிறது. போன மாதம் காய்ச்சலும் வாந்தியுமாக இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பிடாதவனுக்கு எதற்கு என்று இன்சுலினை நிறுத்திவிட்டோம். இரண்டாம் நாள் இரவு படுத்தபடியே பெரிது பெரிதாக மூச்சு விட்டான். வீசிங் என்று நினைத்து நெபுலைசர் வைத்தோம். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 98 காட்டியதால் விடியட்டும் என்று இருந்துவிட்டோம். காலையில் ஐசியூவில் சேர்க்க வேண்டியதாயிற்று. இப்போது நலம். இனிமேல் இதை எப்படி முன்கூட்டியே கண்டுகொள்வது?

பதில்: அன்று இரவு அவன் நுரையீரல் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. சிக்கல் ரத்தத்தில் இருந்தது.

இன்சுலின் இல்லாவிட்டால் உடலால் சர்க்கரையைப் பயன்படுத்த முடியாது. பதிலுக்குக் கொழுப்பைக் கரைக்கும். கல்லீரல் அதைக் கீட்டோன்களாக மாற்றும். இவை அமிலங்கள். அமிலம் கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு, ரத்தத்தில் 7.3க்குக் கீழே இறங்கும் நிலையை கீட்டோஅசிடோசிஸ் என்கிறோம். கார்பன் டை ஆக்சைடும் ரத்தத்தின் அமிலத்தைக் கூட்டுவதுதான். அதையாவது வெளியே தள்ளிவிடலாம் என்று மூளை மூச்சை ஆழமாக்கி வேகப்படுத்துகிறது. ஆக்ஸிஜனுக்குக் குறை ஏதும் இல்லாததால் கருவி 98 காட்டியது. அமிலத்தை அளக்க அதற்கு வழியில்லை.

ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் 1874இல் இந்த மூச்சைப் பதிவு செய்தார். காற்று தடையில்லாமல் உள்ளே போய் வருகிறது, ஆனாலும் நோயாளி மூச்சுக்குத் தவிக்கிறார் என்பதுதான் அவர் கவனித்தது. நீங்களும் அதைத்தான் கவனிக்க வேண்டும். ஆஸ்துமாவில் மூச்சை வெளியே விடுவது சிரமம், விசில் சத்தம் கேட்கும். இதில் சத்தம் இருக்காது. ஓய்வாகப் படுத்திருக்கும்போதும், ஓடிவந்தவர் போல ஆழமாக, ஒரே சீராக மூச்சு ஓடும். வாயில் பழ வாசனை வரலாம். எல்லோராலும் அந்த வாசனையை உணர முடியாது, அதனால் வாசனை இல்லையென்று நிம்மதி அடைய வேண்டாம். கூடவே அதிக தாகம், வயிற்றுவலி, வாந்தி, சோர்வு இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இப்படி மூச்சு வாங்கிய பிள்ளை துவண்டுபோய், மூச்சும் தணிந்தால் அது குணமல்ல. உடல் களைத்துப்போய்விட்டது என்று பொருள்.

இனி காய்ச்சல், வாந்தி வந்தால் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். காய்ச்சலில் இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடத்தான் செய்யும். அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை உங்கள் மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கி வையுங்கள். சில மணிநேரத்துக்கு ஒருமுறை சுகரும் கீட்டோனும் பாருங்கள். ரத்தக் கீட்டோன் (mmol/L கணக்கில்) 0.6க்குக் கீழே இருந்தால் சரி. 1.5ஐத் தாண்டினால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். 3 என்றால் ஆஸ்பத்திரிதான். மூச்சு மாறிவிட்டால் எந்த எண்ணுக்கும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். மூச்சு மாறிய பிறகு வீட்டிலேயே இன்சுலினைக் கூட்டிப் போட்டுச் சமாளிக்கக் கூடாது. இந்த நிலையில் உடலில் பொட்டாசியம் ஏற்கெனவே குறைந்திருக்கும். ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியத்தையும் இன்சுலின் செல்லுக்குள் இழுத்துவிடும். இதயத் துடிப்பே தடுமாறலாம். அதனால்தான் டிரிப்ஸ், பொட்டாசியம், இன்சுலின் மூன்றையும் மணிக்கணக்கில் அளந்து அளந்து கொடுக்கிறார்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரைகளை எடுப்பவர்களுக்குச் சுகர் 250க்குக் கீழே இருக்கும்போதே கீட்டோஅசிடோசிஸ் வரலாம். சிறுநீரகச் செயலிழப்பிலும், மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்திலும் இதே மூச்சுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட மெத்தனால், உடலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது.

அவசரப் பிரிவுக்குப் போனதும் "மூச்சுத் திணறல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். டைப் 1, கடைசியாக இன்சுலின் போட்டது இத்தனை மணிக்கு, கீட்டோன் இவ்வளவு என்று சொல்லுங்கள். முதல் பரிசோதனை எது என்பது அதில்தான் முடிவாகும்.