காசைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: பழைய ரோமானிய வெண்கலக் காசுகளில் பேரரசிகளின் முகமும் பெயரும் இருக்கின்றன, பின்பக்கம் பெண் தெய்வங்கள். அந்தக் காலத்திலேயே ஆட்சியில் பெண்களுக்குச் சம பங்கு கொடுத்த நாடு ரோம் என்று சொல்லலாம் அல்லவா?

பதில்: சொல்ல முடியாது. ரோமில் பெண்களுக்கு வாக்குரிமை கிடையாது, செனட்டில் இடமும் கிடையாது. காசில் முகம் வந்ததால் அது மாறிவிடவில்லை. முகம் எதற்காக வந்தது என்பதைப் பின்பக்கம் சொல்லிவிடும்.

பேரரசர் மார்க்கஸ் ஒரேலியஸின் மனைவி இளைய ஃபௌஸ்டினாவை எடுத்துக்கொள்ளுங்கள். கி.பி. 147-ல் அவருக்கு 'அகஸ்டா' (பேரரசி) பட்டம் கிடைத்தது. கணவர் 'அகஸ்டஸ்' (பேரரசர்) ஆனதே 161-ல்தான். பெரிய கௌரவம்தான், ஆனால் அது வந்தது முதல் குழந்தை பிறந்த கையோடு! அவருடைய காசுகளில் பிள்ளைப்பேறு ஒரு தெய்வமாக நிற்கிறது. பிரசவத்துக்குத் துணை நிற்கும் ஜூனோ லூசினா வருகிறாள். செஸ்டர்ஷியஸ் என்ற பெரிய காசு ஒன்றில் (வெண்கலம் என்கிறோம், உண்மையில் பித்தளை, சுமார் 25 கிராம், கையில் நன்றாகவே கனக்கும்) ஒரு பெண் இரு கைகளிலும் சிசுக்களை ஏந்தி நிற்கிறாள், பக்கத்தில் இன்னும் நான்கு பிள்ளைகள். 'இன்பமான காலம்' என்ற பொருளில் லத்தீன் வாசகம். கைக்குழந்தைகள் 161-ல் பிறந்த இரட்டையர் என்பார்கள். அவர்களில் ஒருவன் நான்கு வயதிலேயே போய்விட்டான். பன்னிரண்டுக்குக் குறையாமல் பெற்ற அந்தத் தாய்க்கு, தந்தைக்குப் பின்னும் உயிரோடு இருந்த மகன் கொமோடஸ் ஒருவன்தான். வாரிசுக்குக் குறைவில்லை என்று ஊருக்குச் சொல்லத்தான் அந்தக் காசு. அவர் பட்ட துக்கத்துக்கு அதில் ஏது இடம்?

பேரரசன் கலிகுலா 37-38-ல் தன் மூன்று தங்கைகளையும் ஒரே காசில் தெய்வ வேடத்தில் நிறுத்தினான். அக்ரிப்பினா பாதுகாப்பு, துருசில்லா ஒற்றுமை, ஜூலியா அதிர்ஷ்டம். பக்கத்திலேயே பெயரும் உண்டு. துருசில்லா 38-ல் இறந்தார். மற்ற இருவரையும் மறு வருடமே சதிக்குற்றம் சாட்டி நாடு கடத்தினான், அதே அண்ணன்.

பேரரசர் கான்ஸ்டன்டைனின் மனைவி ஃபௌஸ்டா கதை இன்னும் கொடுமை. இரண்டு குழந்தைகளை அணைத்தபடி, 'நாட்டின் நலம்' என்ற வாசகத்தோடு காசில் வந்தவர், 326-ல் கணவரின் ஆணையாலேயே உயிரிழந்தார்.

அப்படியானால் யாருக்குமே அதிகாரம் இருந்ததில்லையா என்றால், இருந்தது. பேரரசி ஜூலியா டோம்னா, மகன் கரகல்லா ஆண்டபோது மனுக்களை வாங்கிப் பார்த்தார், லத்தீன், கிரேக்கக் கடிதப் போக்குவரத்தைக் கவனித்தார். ஆனால் காசுகள் அவரைப் 'பாசறைகளின் தாய்' போன்ற பட்டங்களால்தான் அழைக்கின்றன. அவர் பார்த்த வேலையைத் தெரிந்துகொள்ள, அதே காலத்தில் வாழ்ந்த காசியஸ் டியோ எழுதிய வரலாற்றைத்தான் நீங்கள் புரட்ட வேண்டும்.